படிக்காமல் சொன்ன தீர்ப்பு

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிய பெண்களை, அவர்களுடைய ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்து பார்க்காமல், என் வகுப்புகளில் ஆண்டுக்கணக்காக மட்டம் தட்டினேன். அந்தப் பேச்சை நானே நம்பி, ஒரு மாணவியின் ஆய்வுத் தலைப்பையும் மாற்ற வைத்தேன். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றி நாளாயிற்று.

அந்த இளக்காரமும் நானாகத் தேடிக்கொண்டதில்லை. 1802 அக்டோபரில் சார்லஸ் லாம்ப் தன் நண்பர் கோல்ரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். லாம்பின் அக்கா மேரி நியூபெரி புத்தகக் கடையில் பழைய கதைப்புத்தகங்களைக் கேட்டிருக்கிறார். கடை ஆள் ஒரு மூலை அலமாரியிலிருந்து வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தாராம். சுற்றிலும் திருமதி பார்பால்டும் திருமதி டிரிம்மரும் எழுதியவை குவிந்து கிடந்தனவாம். குழந்தைகளின் கற்பனையை விரட்டிவிட்டுத் தகவல்களைத் திணிக்கிறார்கள் என்று கொதித்துப்போய் அந்தக் கூட்டத்தையே சபிக்கிறார் லாம்ப். கோபத்தில் ஒரு நண்பனுக்கு எழுதிய கடிதம் அது. பின்னால் வந்த இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் படித்து நானும் எடுத்துக்கொண்டேன். குழந்தை இலக்கிய வரலாற்றை ஒரே பீரியடில் முடிக்க அது மிகவும் வசதி. 1744இல் ஜான் நியூபெரி விளையாட்டுப் புத்தகத்தோடு தொடங்கினார், பிறகு நீதி போதிக்கும் பெண்மணிகள் புகுந்து கெடுத்தார்கள், 1865இல் லூயிஸ் கரோல் ஆலிஸோடு வந்து மீட்டார். இப்படிச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

எம்.ஃபில். மாணவி ஒருவர், படிப்பில் நிதானமானவர், சினாப்சிஸ் எழுதும் முன் என்னிடம் வந்தார். "சார், பார்பால்ட் குழந்தைகளுக்கு எழுதினதைப் பத்திப் பண்ணலாம்னு இருக்கேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "அது இலக்கியம் இல்லம்மா, அரிச்சுவடி. வைவாவில கேட்டா என்ன சொல்லுவே? லாம்பை எடுத்துக்கோ" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேறு கோப்பைப் பிரித்துவிட்டேன். லாம்பின் எலியா கட்டுரைகளைப் பற்றி எழுதினார். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார். கைடு என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். பார்பால்டை எந்த இடத்திலிருந்து அவர் பார்க்க நினைத்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகுதான், நண்பர் ஒருவருடைய நூலுக்கு முன்னுரை எழுதும்போது ஒரு ஆண்டைச் சரிபார்க்க, பார்பால்டின் 'லெசன்ஸ் ஃபார் சில்ட்ரன்' ஸ்கேன் பிரதியைத் திறந்தேன். 1778, 1779இல் வந்த சின்னஞ்சிறு தொகுதிகள். அன்னா லெட்டீஷியா பார்பால்டுக்குப் பிள்ளை இல்லை. தம்பியின் மகன் சார்லஸைத் தத்தெடுத்து, அவனுக்காக எழுதினார். சஃபக் பகுதியில் பால்கிரேவ் என்ற ஊரில் கணவரோடு சேர்ந்து பையன்கள் பள்ளி ஒன்றையும் நடத்தியவர். முன்னுரையிலேயே அவர் சொல்வது தாளையும் எழுத்தையும் பற்றி. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்ற புத்தகம் ஒன்றுகூட இல்லை, நல்ல தாளும் பெரிய தெளிவான எழுத்தும் தாராளமான இடைவெளியும் வேண்டும் என்கிறார். அதன்படியே அச்சிட்டும் காட்டினார். இன்று எந்தக் குழந்தைப் புத்தகத்தைப் பிரித்தாலும் பெரிய எழுத்தும் வெற்றிடமும் இருக்கும். அது தானாக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வயதுக் குழந்தையின் கண் எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒருத்தி கேட்டு வாங்கியது அது.

உள்ளே போனால் பூனை, சுண்டெலி, மழை, நிலா, மாதங்கள். அம்மா பேசுகிறாள், பையன் கேட்கிறான். வாக்கியங்கள் ஒரு மூச்சுக்குள் முடிகின்றன. தொகுதி மாற மாற வாக்கியமும் பையனோடு சேர்ந்து வளர்கிறது. எளிமையாக எழுதுவது எவ்வளவு கடினம் என்று பாரதியைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். அந்த அளவுகோலை இந்தப் பெண்ணுக்கு நீட்ட எனக்குத் தோன்றவே இல்லை. வில்லியம் ஹாஸ்லிட்டைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தினேன். எழுத்துக்கூட்டும் வயதில் தனக்கு முதன்முதலாக அறிமுகமான எழுத்தாளர் பார்பால்ட்தான் என்று அவர் தன் சொற்பொழிவில் பதிவு செய்திருக்கிறார். அந்த வரியையும் கண்ணால் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொருவராகத் தேடினேன். சாரா ஃபீல்டிங் 1749இல் 'தி கவர்னஸ்' எழுதினார்: ஒரு சிறு பள்ளி, ஒன்பது சிறுமிகள், ஒரு ஆப்பிளுக்காக ஒரு சண்டை. குழந்தைகளுக்கென்றே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் முழுநீள நாவலாகப் பலர் அதைக் கருதுகிறார்கள். அவருடைய அண்ணன் ஹென்றி ஃபீல்டிங்கை வாரக்கணக்கில் நடத்திய நான் தங்கையின் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. நார்ஃபக்கில் எலினார் ஃபென், அவருக்கும் பிள்ளை இல்லை, 1780களில் 'காப்வெப்ஸ் டு கேட்ச் ஃபிளைஸ்' எழுதினார். மூன்றெழுத்துச் சொற்களாலேயே உரையாடல், அடுத்து நான்கெழுத்து, ஐந்தெழுத்து என்று படிப்படியாக. நிலை வாரியாகப் பிரித்த வாசிப்புப் புத்தகங்களை இன்று பதிப்பகங்கள் புதுமையாக விற்கின்றன. சொந்தப் பெயரை மறைத்துப் புனைபெயரில் எழுதியவர் இந்த வேலையை அப்போதே செய்துவிட்டார்.

மரியா எட்ஜ்வொர்த்தின் 'ஊதா ஜாடி' கதையை (1796) நான் வகுப்பில் கேலிப்பொருளாகவே பயன்படுத்தினேன், அதுவும் யாரோ எழுதிய சுருக்கத்தை வைத்து. ரோசமண்ட் என்ற ஏழு வயதுச் சிறுமி மருந்துக்கடைக் கண்ணாடியில் ஊதா நிற ஜாடியைப் பார்க்கிறாள். செருப்பு கிழிந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம், நீயே முடிவு செய் என்கிறாள் அம்மா. ஜாடியை வாங்குகிறாள். வீட்டில் வந்து பார்த்தால் நிறம் உள்ளே இருந்த திரவத்துடையது, ஜாடி வெறும் கண்ணாடி. ஒரு மாதம் கிழிந்த செருப்போடு நடக்கிறாள். முழுக் கதையையும் படித்தபோது அந்த அம்மாவின் கண்டிப்பு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. நிறம் எதனுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆசை எவ்வளவு கூர்மையாக எழுதப்பட்டிருக்கிறது! கடைவீதியில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும் அந்தச் சிறுமி உயிரோடு இருக்கிறாள். நான் மேற்கோள் காட்டிய சுருக்கத்தில் அவள் இல்லவே இல்லை.

எல்லாரையும் தூக்கிப்பிடிக்க வரவில்லை. 1802 முதல் 1806 வரை 'தி கார்டியன் ஆஃப் எஜுகேஷன்' இதழை நடத்திக் குழந்தை நூல்களுக்கு முறையாக மதிப்புரை எழுதிய சாரா டிரிம்மர், சிண்ட்ரெல்லாவைக்கூடக் குழந்தைக்கு ஆகாதது என்றார். அதில் நான் லாம்பின் பக்கம்தான். ஷெர்வுட் அம்மையார் இந்தியாவில் வாழ்ந்து, 1814இல் வெளியான தன் நூலில், தன்னை வளர்த்த இந்திய வேலைக்காரரை மதம் மாற்றும் ஆங்கிலேயச் சிறுவனை நாயகனாக்கினார்; அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. படித்துவிட்டுக் கோபப்படுகிறேன் என்பதுதான் வித்தியாசம்.

என்னை அதிகம் உறுத்துவது லாம்ப் விஷயம். 'டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்' நம் ஊரில் எத்தனையோ தலைமுறைக்கு நான்-டீடெயில். 20 கதைகளில் 14 மேரி எழுதியவை. சார்லஸ் எழுதியவை 6 துன்பியல் கதைகள். 1807இல் காட்வின் தம்பதியர் வெளியிட்டபோது முகப்பில் இருந்தது சார்லஸின் பெயர் மட்டும். மனநோயின் பிடியில் 1796இல் மேரியின் கையால் தாய் இறந்த துயரம் அந்தக் குடும்பத்தின் மேல் கவிந்திருந்த காலம். இந்த விவரங்கள் எனக்குத் தெரியும். தெரிந்தும் "லாம்பின் கதைகள்" என்றே சொல்லிப் பழகினேன். அந்தப் பெயரைக் கேட்ட மாணவர்கள் ஒரு ஆணை மட்டுமே மனதில் கண்டார்கள். கடையில் போய்க் கேட்ட பெண்ணும் மேரிதான், புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதிய பெண்ணும் அவர்தான் என்று நான் சொல்லியிருந்தால் அந்த 1802 கடிதமே வேறு மாதிரி ஒலித்திருக்கும்.

ஏன் இப்படி இருந்தேன்? நூலகத்தில் புத்தகம் இல்லை என்பது காரணமாகாது. மின்பிரதிகள் வெகுகாலமாக இலவசமாகக் கிடைக்கின்றன. உண்மைக் காரணம் வேறு. பெரியவர்களிடம் பேசும் எழுத்து இலக்கியம், குழந்தையிடம் குனிந்து பேசும் எழுத்து வீட்டுவேலை என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. 1740களில் ஆல்னி என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி ஜேன் ஜான்சன், தன் பிள்ளைகளுக்காகப் படம் வெட்டி ஒட்டி, சொற்களும் வாக்கியங்களும் எழுதி 400க்கும் மேற்பட்ட அட்டைகளும் துண்டுகளும் செய்தார். இன்று அவை அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தொடக்கப்பள்ளி ஆசிரியையான என் மனைவி, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் படமும் வரைந்து இரவுகளில் உட்கார்ந்திருப்பார். என் விடைத்தாள் கட்டுகளுக்கு மேசையில் இடம் வேண்டும் என்று அவரைத் தரைக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் என்ன வரைகிறார் என்று குனிந்து பார்த்ததில்லை. அந்த அட்டைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பார்பால்டின் கதை இன்னொரு விதத்திலும் வலிக்கிறது. அடிமை வணிகத்தை எதிர்த்து 1791இல் வில்பர்ஃபோர்ஸுக்குக் கவிதை மடல் எழுதியவர் அவர். 1812இல், போரில் மூழ்கிய இங்கிலாந்தின் வீழ்ச்சியை எச்சரித்து நீண்ட கவிதை ஒன்றை வெளியிட்டார். 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் குரோக்கர் அவருடைய பின்னல் ஊசியையும் மூக்குக்கண்ணாடியையும் இழுத்துக் கிண்டல் செய்தார். குழந்தைகளுக்கு எழுதிய கிழவிக்கு அரசியல் எதற்கு என்பதுதான் அதன் தொனி. அதன்பின் 1825இல் இறக்கும்வரை அவர் கவிதைநூல் எதுவும் வெளியிடவில்லை. குரோக்கரின் மதிப்புரையைப் படித்தபோது என் குரல் எனக்குக் கேட்டது.

அந்த மாணவிக்கு எழுதி, நடந்தது என் தவறு என்று சொன்னேன். அவர் அனுப்பிய பதில் அவருடையது. அதை இங்கே எடுத்து வைக்க எனக்கு உரிமையில்லை. என் பெயரில் ஒரு சிற்றிதழில் அச்சான கட்டுரை மட்டும் எஞ்சியிருக்கிறது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டை அதில் நாட்டார் பாடல் என்று எழுதியிருக்கிறேன். அது 1806இல், 'ரைம்ஸ் ஃபார் த நர்சரி' என்ற தொகுப்பில் வெளிவந்தது. எழுதியவர் ஜேன் டெய்லர். அக்கா ஆனோடு சேர்ந்து அந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்.