முழங்கை அளவு மனிதர்கள்

அப்பா சேர்த்து வைத்திருந்த இந்திரஜால் காமிக்ஸ் கட்டில்தான் அவர்களை முதலில் கண்டேன். வேதாளனின் மண்டையோட்டுக் குகையை நச்சு அம்புகளோடு காவல் காக்கும் குள்ளர்கள். அவர்களுக்கு ஊர் உண்டு, பேச்சு உண்டு. மொழி இன்னதென்று எந்தக் கதையும் சொன்னதில்லை. அந்தக் கற்பனை நாட்டின் மூலப்பெயர் பெங்கல்லா என்பதையும், வங்காளத்தோடு குழம்பாதிருக்க இந்தியப் பதிப்பில் அது டெங்காலி ஆயிற்று என்பதையும் வங்காளத்துக்கு வந்த பிறகே அறிந்தேன்.

சால்ட் லேக்கில் என் அறை மேசையில் இப்போது இரு வகை நூல்கள் கலந்து கிடக்கின்றன: காங்கோ மழைக்காட்டு மக்களைப் பற்றியவை, அந்தமான் மக்களைப் பற்றியவை. இவற்றை ஒரே அடுக்கில் வைத்தவன் நானல்லன். 1910இல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்னும் பாதிரியார், உலகின் குள்ள உருவினர் அனைவரும் மனிதகுலத்தின் தொல்படிவம் என வாதிட்டு, காங்கோவையும் அந்தமானையும் ஒரே கயிற்றில் கட்டினார். ஈ. எச். மான் பதிவுசெய்த 'புலுகா' என்னும் அந்தமான் தெய்வம் அவருக்கு ஆதி ஏகதெய்வத்தின் சான்றாயிற்று. அந்தமானில் களப்பணி முடித்துத் திரும்பியிருந்த ராட்கிளிஃப் பிரவுன் இதை மறுத்தார். அது பருவக்காற்றோடு பிணைந்த தெய்வம் என்றார். உடல் உயரம் ஒன்றைக் கொண்டு இரு கண்டத்து மக்களை உறவினராக்கிய அந்தக் கயிறு, மரபணு ஆய்வுகள் வந்தபின் முற்றாக அறுந்துவிட்டது. ஆயினும் நூலக அடுக்குகளில் அது இன்னும் அறுபடவில்லை.

'பிக்மி' என்ற சொல்லே ஓர் அளவைதான். முழங்கையிலிருந்து விரல்முட்டி வரையிலான நீளத்துக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; ஏறத்தாழ நம் முழம். நாரைகளோடு போரிடும் அந்த முழ மனிதர் ஹோமரிலேயே வருகின்றனர். ஆக, மக்களைக் காணுமுன்னரே பெயர் ஆயத்தமாக இருந்தது. தமிழில் நாம் 'சித்திரக்குள்ளர்' என்றோம். அழகான சொல், எனினும் பொம்மைக்கு இடும் பெயர்.

காலின் டர்ன்புல்லின் 'தி ஃபாரஸ்ட் பீப்பிள்' (1961) இந்த அடுக்கில் எனக்கு மிகவும் பிடித்த நூல். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றுவிட்டு, 1951இல் இத்தூரிக் காட்டுக்குச் சென்றவர் அவர். காட்டைத் துயிலெழுப்பும் 'மோலிமோ' எக்காளம் மூங்கிலாலோ மரத்தாலோ ஆகியிருக்கும் என்று எதிர்பார்த்தவர் முன், ஓர் உலோகக் குழாயை எடுத்து வந்தார்கள். புனிதம் பொருளில் இல்லை, ஒலியில்தான் என்பதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். காட்டை அன்னையாகவும் கிராமத்தைப் பகையாகவும் அவர் பிரித்தது மிகை என்பதே என் எண்ணம். மொழியே அதற்குச் சான்று. எஃபே மக்கள் பேசுவது அண்டை உழவர்களான லெசெயரின் மத்திய சூடானிய மொழி. சுவா மக்கள் பேசுவது பாந்து மொழி. 'பிக்மி மொழி' என ஒரு குடும்பமே இல்லை. ஆனால் மேற்கே, வேறு வேறு குடும்பத்து மொழிகளைப் பேசும் பாக்கா மக்களுக்கும் அக்கா மக்களுக்கும் காடு சார்ந்த சொற்கள் பல பொதுவாக உள்ளன. இழந்த மூதாதை மொழியின் எச்சம் அது என்று செர்ஜ் பாஹுஷே கருதினார். தேன், கொடி, யானை வேட்டை பற்றிய சொற்கள். மொழி போனபின்னும் தொழிற்சொல் தங்கும் என்பது மொழியியல் மாணவனுக்குப் பேரின்பம் தரும் செய்தி.

அந்தமான் பக்கம் வந்தால் இன்பம் இல்லை. என் ஆய்வேட்டின் ஓர் அட்டவணைக்கு மானின் ஆக்கா-பேயா அகராதியே அடிப்படை. 'ஆக்கா' வாயைக் குறிக்கும் முன்னொட்டு. உடலுறுப்பு வகைக்கேற்பச் சொற்கள் முன்னொட்டு மாறும் வியப்பான இலக்கணம் அது. மான் 1875 முதல் 1879 வரை 'அந்தமான் இல்லங்களின்' பொறுப்பாளர். 1877இல் தட்டம்மை பரவி அம்மக்கள் திரள்திரளாக மாண்ட காலமும் அதுவே. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர்.

அதற்கும் முன்பே, 1858இல், மூவாட் குழுவினர் பிடித்த ஒருவர் இதே கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 'ஜாக்' என்று பெயரிட்டனர், புகைப்படம் எடுத்தனர், நோயுற்றதும் தீவுக்குத் திருப்பி அனுப்பினர். அவருடைய சொந்தப் பெயரை நான் படித்த எந்த நூலிலும் காணேன். 1906இல் ஓட்டா பெங்காவை நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் நிறுத்தியவர்களைப் பற்றிச் சினத்தோடு படித்துக்கொண்டிருந்த நான், என் அட்டவணையின் தலைப்பைப் பார்த்தேன்: 'நெக்ரிட்டோ மொழித் தரவுகள்'. அதன் கீழே, 'தரவு வழங்கியோர்' என்றொரு குறிப்பு. வழங்கினார்களா? அடைக்கப்பட்டிருந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டதற்கு அதுவா வினைச்சொல்? மூன்று ஆண்டுகளாக அந்தத் தலைப்பு அங்கேயே இருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

தலைப்பை மாற்றிவிட்டேன். இப்போது அது 'மான் இல்லப் பொறுப்பில் இருந்தபோது பதிந்த ஆக்கா-பேயாச் சொற்கள்'. நீளம்தான்.

சிற்றிதழ் நடத்தும் நண்பர் டர்ன்புல் நூலுக்கு மதிப்புரை கேட்டிருந்தார். 'குள்ளர்' என்ற சொல்லே வராமல், எஃபே, சுவா, பாக்கா, அக்கா என்று அவரவர் பெயரிலேயே எழுதி அனுப்பினேன். "அக்கா என்றால் வாசகர் தமக்கை என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா, தோழர்?" என்று கேட்டார்.

நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். அடுத்த இதழில் வருகிறது.