தமிழ்ச் சொல்லும் நினைவகப் பிழையும்

இம்முறை இலக்கணத்தை விட்டுச் சற்று விலகிக் கணினியைப் பற்றி எழுதுகிறேன். ஆயினும் இதுவும் தமிழைப் பற்றியதே.

ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் கணினியியல் படிக்கிறார். மலாய் - தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை சி மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். மலாய்ச் சொல்லைத் தேடினால் விடை வந்தது. தமிழ்ச் சொல்லைத் தேடினால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றுபோயிற்று. "கணினிக்குத் தமிழ் ஒத்துவரவில்லை சார், மலாயும் ஆங்கிலமும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்" என்றார். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. இருவரும் அமர்ந்து நிரலை வரிவரியாகப் படித்தோம்.

அவர் பயன்படுத்தியது 'ஹேஷ் டேபிள்' என்னும் அமைப்பு. தோட்டத்து லயத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 0 முதல் 100 வரை எண்ணிட்ட 101 வீடுகள். ஒவ்வொரு சொல்லிலும் உள்ள பைட்டுகளின் மதிப்பைக் கூட்டி, 101-ஆல் வகுத்து, மீதி எதுவோ அந்த வீட்டில் சொல்லைக் குடியமர்த்துவது. தேடும்போது வீடு வீடாகத் தட்ட வேண்டியதில்லை. நேரே அந்த எண்ணுக்குப் போகலாம்.

யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். 'ஈ' என்ற ஓரெழுத்துச் சொல்லின் பைட்டுகள் 224, 174, 136. ஆனால் இன்டெல் வகைக் கணினிகளில் சி மொழியின் 'கேர்' பெரும்பாலும் -128 முதல் 127 வரைதான் எண்ணும். அதனால் அவை -32, -82, -120 ஆகிவிடுகின்றன. கூட்டினால் -234, வகுத்தால் மீதி -32. லயத்தில் -32-ஆம் வீடு ஏது? முதல் வீட்டுக்கும் முன்னால், வேறு யாருக்கோ உரிய நிலத்தில் போய் நிற்கிறது நிரல். சி மொழி அதைத் தடுப்பதில்லை.

மலாய் ரூமி எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்குவதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. அதே மலாயை ஜாவியில் எழுதினால் அதுவும் விழும், சீனமும் விழும். ஆகவே இது தமிழின் குறையன்று. 'அன்சைன்ட் கேர்' என்று மாற்றியதும் கூட்டுத்தொகை 534 ஆயிற்று. 'ஈ' 29-ஆம் வீட்டில் அமர்ந்தது. இன்னொரு வேடிக்கை: லினக்ஸில் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் கருவிகளில் 'கேர்' இயல்பாகவே குறையெண் கொள்வதில்லை. பழைய நிரலே அங்கே இந்த இடத்தில் விழாது. ஒருவர் கணினியில் ஓடுவதும் மற்றவர் கணினியில் விழுவதும் இப்படித்தான்.

இத்தோடு முடியவில்லை. சொல்லைச் சேமிக்க அதன் நீளத்துக்குச் சரியாக இடம் கேட்டிருந்தார். சி மொழியில் சொல் முடிந்ததைக் காட்டும் சுழிக்கும் ஒரு பைட்டு வேண்டும். 'பால்மரம்' எட்டுக் குறிகள், 24 பைட்டுகள். 64-பிட் லினக்ஸில் 24 பைட்டு கேட்டால் மிகச் சரியாக 24 கிடைக்கும். 25-ஆவதான சுழி, அடுத்த இடத்தின் அளவைக் குறித்துவைத்திருக்கும் பைட்டின்மேல் விழுகிறது. 'அம்மா'வுக்கு 15 கேட்டாலும் 24 கிடைப்பதால் அங்கே பிழை ஒளிந்துகொள்கிறது. அம்மாவை ஏற்ற நிரல் பால்மரத்தில் தடுமாறுவது ஏனென்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது.

இதற்குத்தான் கருவிகள் இருக்கின்றன. 2002-இல் வெளிவந்த வால்கிரைண்டும், 2013 முதல் ஜிசிசி தொகுப்பியிலேயே கிடைக்கும் அட்ரஸ் சானிடைசரும் இலவசம். பின்னதை இணைத்து ஓட்டியதும் எந்த வரியில் ஒரு பைட்டு மிகுந்தது என்று காட்டிவிட்டது. மூன்றாவதாக ஒரு பிழையையும் சுட்டியது: முடிவில் இடங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒரு கணுவை விடுவித்துவிட்டு அதனிடமே "அடுத்தது எங்கே?" என்று கேட்டிருந்தார். வீட்டைக் காலி செய்து போனவரிடம் வழி கேட்பது போல! அடுத்த முகவரியை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு விடுவித்தால் போதும்.

மூன்று திருத்தங்களும் சேர்ந்து சில வரிகளே. அதற்காக ஒரு மொழியையே பட்டியலிலிருந்து நீக்க இருந்தோம் என்பதுதான் சிந்திக்க வேண்டியது. 1980-களில் நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கத் தொடங்கியபோது யுனிகோடே இல்லை. அந்நாளில் கைவிடாதவர்களால்தான் இன்று நாம் தமிழில் தட்டச்சு செய்கிறோம்.

நிரல் எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனைக்கு 'ஏபிசி' என்று மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஈ, அம்மா, பால்மரம் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். மூன்றும் ஓடினால் பள்ளிக்கூடத்தையும் கொடுங்கள். அதற்கு 36 பைட்டும் ஒரு சுழியும் வேண்டும்.