படகுக்கு நீர் தேடிய கதை

ஆற்றங்கரைப் பங்குகளில் நெடுங்காலம் கழித்த குருவானவரைச் செம்மண் காட்டுக்கு மாற்றினால், அவர் அங்குச் சென்றதும் முதலில் எதைத் தேடுவார்? பங்கின் கணக்கேட்டை என்று வாசக அன்பர்கள் கருதக்கூடும். நாம் தேடியது தண்ணீரை. கொள்ளிடக் கரையில் மாலைதோறும் சிறு ஓடத்தில் துடுப்பு வலித்துப் பழகிய தோள்கள் நம்முடையவை. குள்ளஞ்சாவடியோ கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகள் சூழ அமைந்த ஊர். இங்கே துடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

இத்தேடலில் நமக்கு ஒரு துணை கிடைத்தார். வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய இளைஞர் அவர். அங்கே 'வேக்போர்டிங்' என்னும் விளையாட்டைக் கற்றிருந்தார். இரு பாதங்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு, விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பற்றி, படகின் பின்னே எழும் அலைமீது துள்ளிச் செல்வதாம். மேலைநாடுகளில் 1980களில் உருவான விளையாட்டு இது. "சாமி, நம்ம பக்கத்துல இதுக்கு ஏத்த தண்ணி எது?" என்று கேட்டார். "தேடிப் பார்ப்போம் தம்பி" என்றோம். ஆளை மூழ்கடிக்கும் ஆழம், அடியில் கல்லும் கட்டையும் இல்லாமை, வலைகள் குறுக்கிடாத நீண்ட பரப்பு, காற்றடங்கிய காலைப் பொழுது: இந்நான்கும் வேண்டும் என்று அவர் விளக்கினார். விளையாட்டுக்கு இத்தனை நிபந்தனைகளா என்று நமக்குச் சிரிப்பு வந்தது.

இப்பகுதிக்கு நீர்ப்பஞ்சம் இல்லை. பூமிக்கடியில் நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க வேண்டுமானால் இந்நீரை இரவும் பகலும் இறைத்தே தீரவேண்டும். அவ்வாறு இறைத்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து சேர்கிறது. ஆகவே முதலில் பெருமாள் ஏரிக்குச் சென்றோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் நீர்! ஆனால் மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்தபோது நீர் இடுப்பளவு, அதன் கீழ்ச் சேறு முழங்காலளவு. விசைப்படகின் சுழலி சேற்றைத்தான் கலக்கும். மேலும் அது உழவருடைய நீர். மீனவருடைய வலை விரியும் நீர்.

அடுத்து வீராணம் சென்றோம். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் காலத்தில் வெட்டப்பட்ட பேரேரி அது. கல்கியின் வந்தியத்தேவன் குதிரையில் வந்து வியந்து நிற்பதும் அதன் கரையில்தான். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே அதற்கு நீர் வருகிறது. நீளத்துக்குக் குறைவில்லை, இளைஞரின் கண்கள் மின்னின. எனினும் 2004 முதல் சென்னை மாநகரம் குழாய் வழியே அருந்துவது அந்நீரைத்தான். இலட்சக்கணக்கானோர் குடிக்கும் நீரில் விசைப்பொறியின் எண்ணெயைக் கலக்கலாமா என்று கேட்டோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

புதுச்சேரிக்கு அருகே நோணாங்குப்பத்தில் உள்ள சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை விசைப்படகுச் சவாரிக்கு ஏற்றது. ஆறு அங்கே அகன்று கடலை நோக்கிச் செல்கிறது. ஆனால் சுற்றுலாப் படகுகள் ஓயாது செல்லும் பாதையில் பலகை விளையாட்டு ஆகாது. எஞ்சியது பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் சுரபுன்னைக் காடு குகைபோல் கவிந்து நிற்கிறது. 'இதயக்கனி' படத்தில் அதைக் கண்டவர்கள் நம் வாசகருள் பலர் இருப்பர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரமும் அங்கே உண்டு. குறுகிய கால்வாய்களில் பலகை விளையாட்டை நினைத்தும் பார்க்க இயலாது. துடுப்புப் படகுக்கோ அதைவிடச் சிறந்த நீர் இம்மாவட்டத்தில் இல்லை என்பது நம் துணிபு. வேகத்தில் மகிழ்ந்த இளைஞர் அங்கே இரண்டு மணிநேரம் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்.

பங்கின் சிறுவர் சிறுமியரையும் அழைத்துச் செல்லலாம் என்று அவர் கூறியபோதுதான் நமக்கு நெஞ்சு அடைத்தது. 2022 சூன் 5 அன்று, நெல்லிக்குப்பம் அருகே கெடிலத்தில், தடுப்பணைப் பக்கம் தேங்கிய நீரில் குளிக்க இறங்கிய ஏழு பெண்பிள்ளைகள் மாண்டனர். அவ்வூர் நமக்குத் தொலைவன்று. 2011-இல் கிறிஸ்து பிறப்பு நாளன்றே பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிதவை அங்கியின்றிச் சென்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், "நீந்தத் தெரிந்தவர் கை தூக்குங்கள்" என்றோம். நாற்பத்தொரு பிள்ளைகளில் மூவர் கை தூக்கினர். ஒருவன் நண்பனைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

அவர்களுடைய தாத்தாமார் எல்லாரும் நீந்தத் தெரிந்தவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இறைவைக் கிணற்றில் தள்ளிவிட்டால் மூன்றாம் நாள் மீனாகிவிடுவார்களாம். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் திறந்த கிணறுகள் பல தூர்ந்துவிட்டன. தண்ணீர் குழாயில் வருகிறது; அதில் நீந்தக் கற்க முடியுமா?

பங்கு அன்பர் ஒருவருடைய தோட்டத்தில் படிக்கட்டு வைத்த கிணறு ஒன்று இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. கோடை விடுமுறையில் காலை ஆறு மணிக்கு அந்த இளைஞர் அங்கே ஆசிரியர் ஆனார். சுரைக்குடுக்கைக்குப் பதிலாக மூடி இறுகிய பிளாஸ்டிக் கேன். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது நம் வேலை. பெண்பிள்ளைகளைத் தாய்மார் முதலில் அனுப்பவில்லை. கெடிலத்தில் இறந்தவர்கள் பெண்பிள்ளைகளே என்று இல்லந்தோறும் சென்று கூறியபின், கிணற்றடியில் தாங்களும் அமர்ந்திருக்கும் நிபந்தனையோடு ஐவரை அனுப்பினர்.

பிச்சாவரப் பயணத்துக்கு இதுவரை பதினான்கு பேர் தேறியிருக்கின்றனர். ஒரு சிறுமி மட்டும் இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டே குதிக்கிறாள். கேனை அவிழ்க்க அவள் சம்மதிக்கும் நாளுக்காகப் பயணத் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறோம்.