உம்மாவின் இடுப்பும் ஊக்கின் விதியும்

தம்பி பழைய லாண்ட் குரூஸர் ஒன்றை வாங்கி வந்த அன்று உடப்புசல்லாவையில் எங்கள் வீட்டு முற்றமே நிறைந்துவிட்டது. "இனி உம்மாவ பஸ்ஸில கொண்டுபோகத் தேவையில்ல நானா" என்றான். இடுப்பு நோவுக்காக உம்மாவை மாதம் ஒரு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லவேண்டியிருந்தது.

இரண்டு பயணங்களோடு உம்மா மறுத்துவிட்டார். "நோவு குறைஞ்சிட்டு மகன், இனி என்னத்துக்கு?" என்றார். நாங்களும் நம்பினோம். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வுழூச் செய்யப் போவதைக் கண்ட பிறகுதான் என் மனைவி உண்மையைச் சொன்னாள். ராகலைக்கும் கந்தப்பளைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு குழியும் உம்மாவின் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது. மகன் ஆசையோடு வாங்கிய வாகனமாயிற்றே என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

கராஜில் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தவர் சிரித்தார். "மாஸ்டர், இது மூட்டைக்குப் போட்ட ஸ்பிரிங். ஆளுக்குப் போட்டது இல்லீங்க." முன்பு வைத்திருந்தவர் மரக்கறி ஏற்றுவதற்காகத் தடித்த வில்களை மாட்டியிருந்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சுருளி வில்லில் படிகளைத் தொங்கவிட்டு ஊக்கின் விதியை எத்தனை வருடங்களாகக் கற்பிக்கிறேன்! றொபேட் ஊக் 1678 இல் அச்சிட்டு வெளியிட்ட விதி அது: பாரம் எவ்வளவோ, நீட்சியும் அவ்வளவு. அதையே வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள். வண்டியின் பாரத்தால் வில் 6 சென்ரிமீற்றர்தான் அமுங்குகிறதென்றால் உடற்பகுதி செக்கனுக்கு 2 தடவை துள்ளும். 25 சென்ரிமீற்றர் அமுங்கினால் ஒரே தடவைதான், தொட்டில் மாதிரி. மூட்டைகள் இருந்தால் தடித்த வில்லும் தேவையான அளவு அமுங்கும். மூன்று பேர் மட்டும் ஏறினால் அது அசையாது. குழியை அப்படியே மேலே அனுப்பிவிடும்.

1948 இல் வந்த லாண்ட் ரோவருக்குப் பட்டை வில். தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதால் சிறிய அதிர்வுகளை அது வாங்கிக்கொள்வதில்லை. 1970 இல் ரேஞ்ச் ரோவர் நான்கு சில்லுக்கும் சுருளி வில்லோடு வந்தது. கரடான பாதையில் போகும் வண்டிக்கும் மென்மை கூடும் என்று அது காட்டியது.

கம்பனி அளவிலான வில்களையே திரும்பப் போட்டோம். ஷொக் அப்சோபர்களையும் மாற்றச் சொன்னார் கராஜ்காரர். வில் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். அந்தத் துள்ளலை அடக்கி வெப்பமாக்குவது ஷொக்தான். வில்லை மட்டும் மாற்றினால் வண்டி ஆடிக்கொண்டேயிருக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. இப்போது வளைவுகளில் வண்டி சற்றுச் சாய்கிறது; தம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டான். மூட்டை ஏற்றினால் பின்பக்கம் இறங்கிவிடும். ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அடுத்த மாதம் உம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனோம். கந்தப்பளை தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ரோட்ட எப்ப மகன் செஞ்சாங்க?"