நற்பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் குட்வில் எஸ்டேட் என்றோர் ஊர் உண்டு. 'குட்வில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் 'நற்பெயர்' என்ற கலைச்சொல்லைத் தருகின்றன. அவ்வூரில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரின் மகள், கணக்கியல் தொழில்நுட்பர் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்த நாளில், தன் ஊர்ப் பெயரைப் பாடநூலின் ஓர் அத்தியாயத் தலைப்பாகக் கண்டு சிரித்தாள். அந்தச் சொல் தன்னை எவ்வளவு தூரம் அலைக்கழிக்கப் போகிறது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அவள் சேர்ந்தது இந்தியச் செலவுக் கணக்காளர்கள் நிறுவனம் நடத்தும் 'கேட்' படிப்பு. 1944-இல் தொடங்கி, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சட்டத் தகுதி பெற்ற நிறுவனம் அது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் இப்படிப்பில் சேரலாம். முடித்தவர்கள் அடிப்படைத் தேர்வு எழுதாமலே செலவுக் கணக்காளர் படிப்பின் இடைநிலைக்குச் செல்லலாம். பிரிட்டனில் கணக்கியல் தொழில்நுட்பர்களுக்கான சங்கம் 1980-இல் அமைந்தது. இலங்கையில் 1987-இல் அமைந்தது. பெரிய தணிக்கையாளர்களுக்கும் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் நடுவே முறையாகப் பயின்ற ஓர் அடுக்கு வேண்டும் என்பதே இவற்றின் பொது நோக்கம்.

உறவினர்களுக்கு இந்த நடு அடுக்கு விளங்கவில்லை. "சி.ஏ.வா?" என்று கேட்டார்கள். "இல்லை, டெக்னீஷியன்" என்றதும், "ஏசி மெக்கானிக் மாதிரியா?" என்றார் சித்தப்பா. அவள் பதில் சொல்லவில்லை. முதல் முயற்சியில் நிதிநிலைக் கணக்குப்பதிவியல் தாளில் தோற்றபோது அதே சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை அதிகம் வருத்தியது.

தோல்விக்குக் காரணம் கணிதமன்று. கூட்டலும் கழித்தலும் அவளுக்குக் கடையிலேயே கைவந்தவை. அவளை வீழ்த்தியவை இரண்டே சொற்கள்: டெபிட், கிரெடிட்.

இவ்விடத்தில் அவளுடைய மொழிச் சூழலைக் கருத வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தாள். வணிகவியலை ஆங்கிலத்தில் கற்றாள். தீவுகளின் பொதுமொழி இந்தி. ஆகவே பண்டகசாலையிலும் துறைமுகத்திலும் அவள் கேட்டவை 'நாமே', 'ஜமா' என்னும் சொற்கள். கடையில் அப்பா சொல்வதோ 'பற்று', 'வரவு'. பாடத்தை இன்னும் எளிதாகக் கேட்கலாம் என்று இலங்கை ஆசிரியர் ஒருவரின் தமிழ்க் காணொளியைத் திறந்தாள். அங்கே குழப்பம் முற்றியது. தமிழ்நாட்டுப் பாடநூல் டெபிட்டைப் 'பற்று' என்றும் கிரெடிட்டை 'வரவு' என்றும் சொல்கிறது. இலங்கையிலோ டெபிட் 'வரவு', கிரெடிட் 'செலவு'. ஒரே தமிழ்ச் சொல், கடலுக்கு அந்தப் பக்கம் இடப்புறமும் இந்தப் பக்கம் வலப்புறமும் நிற்கிறது.

அவள் செய்தது பல மாணவர்கள் செய்வதே. பொருளை விட்டுவிட்டு விதிகளை மனப்பாடம் செய்தாள். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. அந்த விதியே அவளுக்கு முரணாகப் பட்டது. பணம் உள்ளே வந்தால் அதுதானே வரவு? அதை ஏன் பற்று என்று எழுத வேண்டும்? தேர்வறையில் மனப்பாடம் கைவிட்டது.

தோற்ற பிறகு சில வாரங்கள் புத்தகத்தைத் தொடவில்லை. மழைக்காலத்தில் பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் பழைய கணக்கு நோட்டுகள் கிடைத்தன. ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து இந்தக் கடையைத் தொடங்கியவர் அவர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் 'பற்று', வலப்புறம் 'வரவு'. இடப்புறத்தில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், வலப்புறத்தில் ரூபாய்.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பற்று என்பது அந்த மனிதர் கடையிலிருந்து பெற்றது. வரவு என்பது அந்த மனிதரிடமிருந்து கடைக்கு வந்தது. சொற்கள் இரண்டும் அவருடைய பக்கத்தில் நின்று பேசுகின்றன. இலங்கைத் தமிழர் இன்றும் ரசீதைப் 'பற்றுச்சீட்டு' என்கிறார்களே, அதிலும் பற்று என்றால் பெற்றுக்கொண்டதுதான். இந்தி 'நாமே'வும் அதையே சொல்கிறது: இன்னார் பெயரில் எழுது. பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்ற விதி, தாத்தாவின் நோட்டில் விதியாக எழுதப்படாமலே நடந்துகொண்டிருந்தது.

மிஞ்சியது ரொக்கம். பணப்பெட்டியையும் ஓர் ஆளாகக் கருதி அதற்கும் ஒரு பக்கம் கொடுத்துப் பார்த்தாள். வாடிக்கையாளர் நூறு ரூபாய் தருகிறார். அவர் பக்கத்தில் வரவு. பெட்டி அந்த நூறைப் பெறுகிறது. பெட்டியின் பக்கத்தில் பற்று. முரண் அவிழ்ந்தது. 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்று வங்கி அனுப்பும் செய்தியும் தெளிவாயிற்று. அது வங்கியின் நோட்டில் நமக்கென உள்ள பக்கம்; நம்மிடமிருந்து அங்கே வந்தது. இலங்கை வழக்கும் பிழையானதாகத் தோன்றவில்லை. அது பணப்பெட்டியின் அருகில் நின்று வந்ததையும் போனதையும் பார்க்கிறது. தமிழ்நாட்டு வழக்கு ஆளின் பக்கத்தில் நின்று பார்க்கிறது. 1494-இல் வெனிசில் லூக்கா பச்சியோலி அச்சிட்ட இரட்டைப்பதிவு முறை இரண்டுக்கும் பொதுவானது. பார்ப்பவர் நிற்கும் இடம்தான் வேறு.

இரண்டாம் முறை தேர்வுக்குத் தயாராகும்போது, பாடநூல் கணக்குகளுக்குப் பதிலாகத் தன் கடையின் ஓராண்டுக் கணக்கையே பயிற்சியாக எடுத்துக்கொண்டாள். கடையின் உண்மை நிலை அப்படித்தான் வெளியே வந்தது.

வெங்காயத்தைச் சென்னையில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்கிறோம், கிலோவுக்கு 20 ரூபாய் லாபம் என்பது அப்பாவின் நம்பிக்கை. அவள் எழுதிக் காட்டினாள். நூறு கிலோவின் விலை 3,000 ரூபாய். கப்பல் கட்டணமும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் சேர்ந்து 900. மொத்தம் 3,900. வழியில் அழுகுவது 12 கிலோ. விற்கத் தகுந்தது 88 கிலோ. ஆகக் கிலோவின் அடக்கவிலை 44 ரூபாய் 32 காசு. லாபம் ஆறு ரூபாய்கூட இல்லை. சென்னையிலிருந்து வரும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி ஐஜிஎஸ்டி. தீவுக்குள் விற்கும்போது மத்திய வரியும் ஒன்றியப் பகுதி வரியும். 35 என்ற இரு எண்களில் தொடங்கும் தீவுகளின் பதிவெண்ணுக்குக் கீழே எந்த வரியை எதில் கழிப்பது என்பதையும் அட்டவணையாக்கினாள். வீட்டுக்கு எடுத்துக்கொண்ட அரிசியும் எண்ணெயும் 'எடுப்புகள்' என்ற தலைப்பில் வந்தன. அம்மாவுக்கு அந்தத் தலைப்பு பிடிக்கவில்லை.

கடைசியில் கடன்காரர் பட்டியல். வர வேண்டியது 1,86,000 ரூபாய். அதில் 74,000 ரூபாய் மூன்றாண்டுகளுக்கும் மேலாக அசையாமல் கிடந்தது. விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குத் தொடுக்க 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் காலம் மூன்றாண்டு. அதை வாராக்கடன் என்று போக்கெழுதிவிடலாம் என்றாள்.

"எப்படி எழுதுவ?" என்று கேட்டார் அப்பா.

"வாராக்கடன் கணக்குல பற்று. அவங்க பக்கத்துல வரவு."

"அவங்ககிட்ட இருந்துதான் ஒண்ணும் வரலையேம்மா. வராததை வரவுன்னு எப்படி எழுதுறது?"

அவளிடம் பதில் இருந்தது. பக்கத்தைச் சமன் செய்வதற்கான பதிவு அது. பணம் வந்ததாகப் பொருளில்லை. பாடநூல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வி அவள் தாத்தாவின் நோட்டிலிருந்து கற்றுக்கொண்ட பொருளையே திருப்பிக் கேட்டது. சொல்லின் பொருளை நம்பிப் பாடத்தைக் கடந்தவளால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

அப்பா இன்னொரு நோட்டை எடுத்து வந்தார். 2005 ஜனவரி. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை தீவுகளைச் சிதைத்த சில நாள்களுக்குப் பிந்தைய பக்கங்கள். பெயர்கள் இருந்தன. அரிசி, சர்க்கரை, தீப்பெட்டி என்று பொருள்களும் இருந்தன. தொகை எங்கும் இல்லை. பற்றுப் பக்கத்தில் எண்ணே எழுதாமல் தாத்தா பொருள் கொடுத்திருக்கிறார். வரவுப் பக்கத்தில் பிற்பாடு, வேறுவேறு மையில் சில குறிப்புகள்: தேங்காய் ஒரு மூட்டை. மீன். கூரை வேலை இரண்டு நாள். அவற்றுக்கும் விலை இல்லை.

"அந்த 74,000-ல பாதி இந்த வீடுகளோடதுதான்" என்றார் அப்பா.

அன்று இரவு அவள் நற்பெயர் அத்தியாயத்தை மறுபடியும் படித்தாள். ஒரு நிறுவனம் விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டுமே சொத்தாகக் காட்டலாம். தானே உழைத்து உண்டாக்கிய நற்பெயரைக் கணக்கேட்டில் சொத்தாகப் பதியக் கூடாது. புலனாகாச் சொத்துகள் பற்றிய இந்தியக் கணக்கியல் தரநிலை 26-இன் தெளிவான விதி இது. காரணமும் நியாயமானதே. அதற்கு நம்பத்தக்க விலை குறிக்க முடியாது. குறிக்க விட்டால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய தொகையை எழுதுவார்கள். ஆகவே தாத்தாவின் 2005-ஆம் ஆண்டுப் பக்கங்களுக்கு இருப்புநிலைக் குறிப்பில் இடமில்லை. அது அவளுக்குப் புரிந்தது. கடையின் லாபத்தை மிகைப்படுத்தி எழுதுவதும் முறையன்று என்பதும் புரிந்தது. வாராத பணத்தை வரும் என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த கப்பலுக்குச் சரக்குக் கேட்டால் கடையே மூழ்கும்.

வழி பாடநூலிலேயே இருந்தது. முதல் முயற்சியில் அவள் விடை எழுதாமல் விட்ட கேள்வி அது: ஐயக்கடன் ஒதுக்கு. போக்கெழுதினால் கடன்காரரின் தனிப்பக்கம் மூடப்படும். ஒதுக்கு உருவாக்கினால் தனிப்பக்கத்தை யாரும் தொட வேண்டியதில்லை. லாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, ஒதுக்குக் கணக்கில் வரவு வைத்து, இருப்புநிலைக் குறிப்பில் 1,86,000-இலிருந்து 74,000-ஐக் கழித்து 1,12,000 என்று காட்டலாம். கடை தன் இழப்பை ஒப்புக்கொள்கிறது. எந்த மனிதர் பக்கத்திலும் வராதது வந்ததாக எழுதப்படுவதில்லை. எவராவது பிறகு தந்தால் அவர் பக்கம் திறந்தே இருக்கும்.

அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். வெங்காயத்தின் விலையை மறுநாள் அவரே மாற்றி எழுதினார்.

இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளரான ஆர். சிவபோகத்தைப் பற்றி அவள் இந்த நாள்களில்தான் படித்தாள். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அந்தத் தமிழ்ப் பெண், 1933-இல் கணக்கியல் பட்டயம் பெற்றார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யத் தடை இருந்தது. வழக்காடி அந்தத் தடையை நீக்கி, 1937-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கும் தலைமை வகித்தார். சிறையின் பெயரால் அறியப்பட்ட தீவுகளில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வரலாறு நெருக்கமாக இருந்தது. தகுதியை நிறுவ அறிவு மட்டும் போதாமல் வழக்கும் தேவைப்பட்ட ஒருவரோடு ஒப்பிட்டால், ஒரு தாளில் தோற்றது பெரிதில்லை என்று அவளுக்குப் பட்டது.

இரண்டாம் முயற்சியில் தேறினாள். படிப்பின் அடுத்த நிலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் பிறகு செலவுக் கணக்காளர் இடைநிலை என்பது திட்டம். சித்தப்பா தம் பட்டறையின் வரிக் கணக்கை அவளிடம் கொண்டு வருகிறார். டெக்னீஷியன் என்றால் என்ன என்று இப்போது அவர் கேட்பதில்லை.

கலைச்சொல் ஆக்குபவர்களும் ஆசிரியர்களும் எண்ணிப் பார்க்க ஒன்று இதில் உண்டு. 'பற்று', 'வரவு' இரண்டும் எவரும் புதிதாகச் சமைத்த சொற்களில்லை. கடைகளில் புழங்கி, பொருளோடு வந்தவை. பாடநூல் அவற்றை எடுத்துக்கொண்டபோது அவை நின்ற பக்கத்தை மட்டும் சொல்லாமல் விட்டது. அந்த ஒரு பக்கத்தை வகுப்பில் காட்டப் பத்து நிமிடம் போதும். ஒரு மாணவியின் ஓராண்டு அதில் மிஞ்சியிருக்கும்.

கடையில் இப்போது இரண்டு ஏடுகள் இருக்கின்றன. ஒன்று கணினியில், டாலியில். மற்றொன்று தாத்தாவின் முறையில், ஆளுக்கொரு பக்கமாக. மாதக் கடைசியில் அவள் இரண்டையும் ஒப்பிடுகிறாள். 2005-ஆம் ஆண்டு நோட்டை மட்டும் ஒப்பிடுவதில்லை. அது பணப்பெட்டிக்கு அடியில், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.