வெட்டிய தாளின் பின்பக்கம்

பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டு கையில் கிடைத்தால் நாம் செய்தியைப் படிப்போம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், அயர்லாந்துக் கன்னியர் மரபில் வந்த ஒரு மடத்தின் ஆவண அறையில் காப்பாளராக வேலை செய்யும் பெண்மணி முதலில் அதைத் திருப்பிப் பார்க்கிறார். கத்தரித்தவர் தேதியும் குறிக்கவில்லை, பத்திரிகையின் பெயரும் எழுதவில்லை. பின்பக்கத்தில் பாதி அறுபட்ட துணிக்கடை விளம்பரம், கப்பல் வருகைப் பட்டியல். "கப்பலின் பெயர் தெரிந்தால் போதும், தேதியைப் பிடித்துவிடலாம்" என்றார்.

இந்தக் கன்னியர் இரு சபைகளாக இங்கே வந்தது 1854 நவம்பர், டிசம்பரில். தங்கம் தேடி வந்த கூட்டத்தால் வீங்கிப்போன நகரத்துக்குப் பள்ளியும் மருத்துவமும் வேண்டுமென்று பாதிரியார் ஹியூ கல்லகர் அயர்லாந்து போய் அழைத்து வந்தார். பிரசன்டேஷன் சபையினர் பள்ளி தொடங்கினார்கள். மெர்சி சபையினர் மதர் பாப்டிஸ்ட் ரஸ்ஸல் தலைமையில் 1855 காலராவில் நோயாளிகளைக் கவனித்தார்கள்; 1857-ல் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையைத் திறந்தார்கள். பிரசன்டேஷன் சபை நமக்கு அந்நியமல்ல. 1842-லேயே மதராஸில் வந்திறங்கியவர்கள். சர்ச் பார்க் பள்ளி அவர்களுடையதுதான்.

1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரத்தைத் தின்றன. மருத்துவமனையும் எரிந்தது, நோயாளிகளைக் கப்பலேற்றி ஓக்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் தீக்கு முந்தைய படம் ஒன்று கிடைத்தால் காப்பாளர் மேசையை விட்டு எழுந்துவிடுகிறார்.

நான் போயிருந்த அன்று அவர் முன் இருந்தது 1970-களின் ஒட்டும் பக்க ஆல்பம். நம் வீடுகளிலும் இருக்கிறதே, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டுவோமே, அதுதான். படங்களுக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, இரு கையாலும் மெல்ல அறுப்பதுபோல் இழுத்தார். ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. துருப்பிடித்த பேப்பர் கிளிப்பையும் இழுத்து எடுப்பதில்லை. இருபுறமும் வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, மெல்லிய எஃகுத் தகட்டால் அதன் வாயை விரித்த பிறகே தூக்குகிறார். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் காலப்போக்கில் அமிலமாகி, பழுப்பேறி, பக்கத்தில் இருக்கும் படத்தையும் கறையாக்கும். ஆகவே பத்திரிகை நறுக்குகளுக்குத் தனிப் பெட்டி. படத்தைக் கையுறையோடுதான் தொடுகிறார்; பின்புறம் எழுத மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில்.

இத்தனையும் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்றுத்தர முடியாதது இன்னொன்று இருக்கிறது. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு முதிய சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். முக்காடிட்ட முப்பது இளம்பெண்கள் வரிசையாக நிற்கும் படம். எனக்கு எல்லாம் ஒரே முகம். அவர் விரலை நகர்த்தியபடி பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். "இவள் எப்போதும் தோளைச் சாய்த்துத்தான் நிற்பாள்." காப்பாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் எழுதினார். மடத்தில் சேரும்போது புனிதர் பெயர் சூட்டுவார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பலர் ஞானஸ்நானப் பெயருக்கே திரும்பினார்கள். இந்த இணைப்பு தெரியாவிட்டால் ஒரே பெண் ஆவணத்தில் இருவராகிவிடுவார்.

எனக்குப் பதைப்பு இங்கேதான். அமெரிக்காவில் கன்னியர் எண்ணிக்கை குறைந்து மடங்கள் மூடப்படுகின்றன, பெட்டிகள் பொதுக் காப்பகங்களுக்குப் போகின்றன. மெர்சி சபை வட கரோலினாவின் பெல்மாண்டில் அப்படியொரு மையத்தை நடத்துகிறது. அங்கே குளிரும் ஈரப்பதமும் அளவோடு இருக்கும், தாள் பிழைக்கும். தோள் சாய்த்து நின்றவளை அடையாளம் காட்டும் சிஸ்டர் அந்தப் பெட்டியோடு போகமாட்டார். அதனால் இந்த அறையில் தாளைச் சீர்படுத்தும் வேலையை ஒத்திவைத்துவிட்டு, முதலில் பெயர்களை எழுதி வாங்குகிறார்கள். சரியான முடிவு. தாள் இன்னும் பத்து வருடம் பொறுக்கும்.