அமைதிப்படையும் ஒரு தரப்புதான்

பி.காம். படிக்கிறவனுக்குப் போர்ச் சட்டம் எதுக்குன்னு கேக்காதீங்க மக்களே. கூட்டாண்மைச் சட்டம் படிக்கும்போது கிளம்பின யோசனை இது. 1932-ம் வருஷச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, ஒருத்தர் பார்ட்னரா இல்லையான்னு தெரிய அவங்களுக்குள்ள இருக்கிற உண்மையான உறவைப் பார்க்கணும். அதாவது, போர்டுல எழுதின பேரை மட்டும் பார்த்தா பத்தாது.

போர்ச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டாங்க. மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. அக்டோபர் 10-ல் புலிகளோடு சண்டை. பேரில் அமைதி இருந்தாலும், அன்றிலிருந்து அதுவும் போரில் ஒரு தரப்பு. அதே மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை நடத்திய தாக்குதலில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் இறந்தார்கள்.

1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3-வது பிரிவு, உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் ஏந்தாதவரை, காயம்பட்டவரைக் காப்பாத்தச் சொல்லுது. அரசுக்கும் சரி, எதிர்த்துச் சண்டை போடுறவங்களுக்கும் சரி. இதனால் எந்தத் தரப்பின் சட்ட அந்தஸ்தும் மாறாதுன்னும் அதிலேயே இருக்கு. அது இல்லேன்னா, எதிராளிக்கு அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆயிடுமேன்னு அரசாங்கங்கள் பயந்திருக்கும்.

சரி, நடுநிலை? 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணிச்சது நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. உடனே புலிகள், ஒன்றிய நாட்டுக்காரர்கள் வெளியேறணும்னாங்க. மூணு நாட்டு ஆட்களும் மூட்டை கட்ட வேண்டியதாச்சு. நடுநிலைங்கிறது நாமளே சூட்டிக்கிற பட்டம் இல்லை. ரெண்டு பக்கமும் நம்பணும்.

தென்காசியில் எங்க தெருவில், அமைதிப்படையில் இருந்த பெரியப்பா ஒருத்தர் உண்டு. "மாலை போட்டு வரவேத்தாங்கலே, ரெண்டே மாசத்துல சுட்டாங்க" என்பார். கூட இருந்தவங்களை இழந்துட்டு வந்தவர். என் நண்பன் ஒருத்தன் அகதி முகாமில் பிறந்தவன். அவன் அம்மா அப்போ யாழ்ப்பாணத்தில் சின்னப் பொண்ணு. அவங்க வாயில் 'அமைதிப்படை' வராது, 'இந்தியன் ஆமி'தான். குற்றால சீசனுக்கு ஒரே வேனில் போனாலும் இந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கிறதில்லை.

ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ஆனா ஆஸ்பத்திரியில் நடந்தது தப்புன்னு சொல்ல நான் யார் பக்கமும் சேர வேண்டியதில்லை. 3-வது பிரிவு போதும்.